முதல் பருவம் முடிகிறது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், காலையும் மாலையும் பிள்ளைகளைக் கூட்டி வந்து கூட்டிப் போகும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக முடிகிறது. ஜூன் மாதம் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு அழுத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது மணி அடித்தாலும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறார்கள். சுதந்திர தின விழா சிறப்பாக நடந்தது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் கதை சொன்னார்கள், பாடினார்கள், மாறுவேடம் போட்டார்கள். மூன்றாம் வகுப்பு செய்த களிமண் மாட்டுவண்டி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் விழுந்துவிட்டது. ஆகஸ்டில் குடற்புழு நீக்க மாத்திரை எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. காலை உணவு ஒழுங்காக நடக்கிறது. புதன்கிழமை வெண்பொங்கலுக்கு மட்டும் ஒருவரும் தாமதமாக வருவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறோம். மற்ற நாட்களிலும் அதே நேரத்துக்கு அனுப்பி வையுங்கள். பங்கேற்ற பிள்ளைகளுக்கும் உழைத்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

இனி பயிற்சி நூல் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கொஞ்சம் என்று சொல்கிறேனே தவிர, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் வந்தது உங்களுக்குத் தெரியும். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து, எழுத்துக் கூட்டத் தெரியாமலேயே பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போன நிலைமையைச் சரிசெய்ய வந்த திட்டம் இது. ஒரே வகுப்பில் இருந்தாலும் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலையிலிருந்து சொல்லிக் கொடுக்கிறோம். பாட்டு, கதை, பொம்மலாட்டம், முகமூடி எல்லாம் அதற்காகத்தான். “பள்ளிக்கூடத்துல எப்பப் பாத்தாலும் பாட்டும் கூத்துமா இருக்கே டீச்சர்” என்று சிலர் கேட்கிறீர்கள். ஆமாம், இருக்கிறது. பாடி ஆடிவிட்டு, அதே சொற்களைப் பயிற்சி நூலில் எழுதும்போதுதான் யாருக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவரும்.

சில மாதங்களாக அதுதான் தெரியவராமல் இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் நூல்கள் திரும்பி வரும்போது சில பக்கங்களில் பெரியவர்களின் கையெழுத்து இருக்கிறது. சிலவற்றில் பிள்ளை எழுதியதை ரப்பரால் தேய்த்துத் தாள் கிழிந்துபோய், அதன்மேல் அச்சு மாதிரி எழுதியிருக்கிறது. வெட்டி ஒட்டும் செயல்பாடு ஒன்றுக்கு, பழைய செய்தித்தாளில் கிடைக்கும் படமே போதும் என்று சொல்லி அனுப்பினோம். கலர் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் மினுமினுப்புத் தாள் ஒட்டி, லேமினேட் செய்து வந்தது ஒன்று. அழகாகத்தான் இருந்தது. செய்தவருக்கு நல்ல கை. அதைக் கொண்டுவந்த பிள்ளையிடம், “இதுல இருக்கிற பறவை பேரு என்ன கண்ணு?” என்று கேட்டால், “அது அம்மாவுக்குத்தான் தெரியும்” என்றான்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளை திணறினால் பார்த்துக்கொண்டிருக்க மனசு வராது, எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தப்புகள் எங்களுக்குத் தேவைப்படுகின்றன. எப்படி என்று இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

கொடி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது க. எழுதும்போதோ கொம்பை முதலில் போட்டு, பிறகு க எழுதி, பிறகு கால் போட வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் க எழுதிவிட்டு, அதற்குப் பின்னால் கொம்பையும் காலையும் வரிசையாகப் போட்டிருந்தான். வீட்டில் பார்த்தால் இது தப்பு, அழித்துவிடலாம். எங்களுக்கோ, பையன் ஒலியைச் சரியாகக் கேட்கிறான், குறிகள் உட்காரும் இடம் மட்டும்தான் அவனுக்குப் பிடிபடவில்லை என்று அந்தத் தப்பே சொல்லிவிடுகிறது. மணலில் நாலு தரம் எழுத வைத்தால் வந்துவிடும். பக்கத்தில் இருந்த பெண் அதையே கெடி என்று எழுதியிருந்தாள். அவளுக்கு எகர ஒலியும் ஒகர ஒலியும் காதிலேயே பிரிபடவில்லை. எழுதச் சொல்லிப் பயனில்லை. பாட்டும் சொல் விளையாட்டும்தான் வேண்டும். இருவர் நூலிலும் கொடி என்று அழகாகத் திருத்தி அனுப்பியிருந்தால், இருவருக்கும் வந்துவிட்டது என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம்.

கணக்கிலும் இதே கதைதான். 42இல் 17 போனால் எத்தனை என்பதற்கு வகுப்பில் ஈர்க்குச்சி வைத்துச் சொல்லித் தருகிறோம். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட நாலு கட்டு, தனியாக இரண்டு குச்சி. இரண்டிலிருந்து ஏழு எடுக்க முடியாது, ஆகவே ஒரு கட்டைப் பிரி, இப்போது தனியாகப் பன்னிரண்டு, ஏழு எடுத்தால் ஐந்து, மிச்சமுள்ள மூன்று கட்டில் ஒன்றை எடுத்தால் இரண்டு, விடை 25. கட்டைப் பிரிக்க நேரம் ஆகும், குச்சி உருண்டு ஓடும், சத்தமாக இருக்கும். வீட்டில் “பக்கத்துல இருந்து ஒண்ணு கடன் வாங்கு” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். நூலில் 25 என்று சரியாகவே வருகிறது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வாங்கினாய், ஏன் அது பத்தாக வருகிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். கடன் வாங்கும் முறையை நாங்களும் பின்னால் சொல்லித்தரத்தான் போகிறோம். குச்சி கையில் பழகும் வரைக்கும் பொறுங்கள்.

காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் டாக்டர் என்ன பார்ப்பார்? அந்த நிலைமையில்தான் வகுப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்.

இது எங்கிருந்து தொடங்கியது என்று விசாரித்ததில், வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் இதில் பங்கு இருப்பதாகத் தெரிகிறது. விடுமுறை அறிவிப்பும் உணவு மாற்றமும் சொல்வதற்காகத் தொடங்கிய குழு அது. அதில் ஒரு வீட்டிலிருந்து, முடித்த பக்கத்தின் படம் சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறது. ஏழரைக்குள் இன்னும் நாலு வீட்டிலிருந்து வருகிறது. அதைப் பார்த்த ஆறாவது வீட்டில் பென்சில் அம்மா கைக்குப் போகிறது. பிறகு, “எங்க பாப்பா மொட்டுக்கு வந்துட்டா, உங்க பையன் எதுல இருக்கான்?” என்ற கேள்வி. கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். பதில் சொல்ல வேண்டியவர் வீட்டில் அன்றைக்கு ராத்திரி அந்தப் பையனுக்கு அடி விழுந்திருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலையை மாற்றிப் போடச் சொல்லி ஆசிரியருக்கு இரவில் போன் செய்வதும், வகுப்பு நடக்கும்போது உள்ளே வந்து, மற்றப் பிள்ளைகள் முன்னால் “என் பொண்ணு எப்படி இன்னும் அரும்புல இருக்கா?” என்று கேட்பதும் இனி நடக்கக் கூடாது. நிலை என்பது ஆசிரியர் மதிப்பீடு செய்து பார்த்து வைப்பது, கேட்டு வாங்குவதல்ல. அரும்பில் இருப்பதற்காக யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கப் போவதில்லை. இரண்டாம் பருவத்திலிருந்து பெரியவர்கள் எழுதிய பக்கங்களில் ஆசிரியர் கையொப்பம் இட மாட்டார். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து மறுபடி எழுதும். வாட்ஸ்அப் குழுவில் பள்ளி அறிவிப்புகள் மட்டும் வரும். பயிற்சி நூல் படங்களையும் பிள்ளைகளின் நிலையையும் அங்கே போட வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, உறுப்பினர்களான பெற்றோர்களும் ஒப்புக்கொண்டே இந்த முடிவை எடுத்திருக்கிறோம். பிள்ளை பற்றிக் கேட்க வேண்டுமானால் பள்ளி விட்ட பிறகு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். நூலையே திறந்து காட்டுகிறோம்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், பென்சிலைத் தொடாதீர்கள். 3ஐத் திருப்பிப் போட்டால் பதற வேண்டாம், இந்த வயதில் பல பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு அனுப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாதே, நான் எப்படி உதவுவது என்று ஒரு பாட்டி என்னிடம் வருத்தப்பட்டார். அவர் பேரன்தான் வகுப்பில் கதை சொல்ல ஒதுக்கிய கதைக் களத்தில் கதையை முதலிலிருந்து கடைசிவரை விடாமல் சொல்கிறவன். தினமும் ராத்திரி “இன்னிக்கு டீச்சர் என்ன கதை சொன்னாங்க, எனக்குச் சொல்லு” என்று அவர் கேட்கிறாராம். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

உங்கள் அக்கறையால்தான் இந்தப் பள்ளி நடக்கிறது. வேலைக்குப் போய்விட்டு வந்து, அலுப்பையும் பார்க்காமல் பிள்ளை பக்கத்தில் உட்காருகிறீர்கள். குழாய் உடைந்த அன்றைக்குச் சொல்லாமலேயே வந்து சரிசெய்து கொடுத்த பெற்றோருக்கும், எண்ணிப் படிக்க ஈர்க்குச்சியும் புளியங்கொட்டையும் பை பையாக அனுப்பிய வீடுகளுக்கும், மழை நாளில் மற்றவர் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போய் விட்டவர்களுக்கும் ஆசிரியர்கள் சார்பில் மனமார்ந்த நன்றி.

விடுமுறைக்கு எழுத்து வேலை எதுவும் கொடுக்கவில்லை. நூல்கள் பள்ளியிலேயே இருக்கும், தேட வேண்டாம். பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சில்லறை எண்ண விடுங்கள், பஸ்ஸில் ஊர்ப் பெயர்ப் பலகையைக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளி திறக்கும் நாளை அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் போடுவோம். இந்தக் கடிதத்தின் அடியில் உள்ள துண்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, திறக்கும் நாளன்று பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அதில் மட்டும் பெரியவர்கள்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி