தம்பிக்கு, இரண்டாவது பீரியட் பற்றி

அன்பு மகன்,

நேற்றும் போனில் "எல்லாம் ஓகே அம்மா" என்றாய். மூன்று கிழமையாக அதே மூன்று சொல்தான். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. என்.எச்.எல். என்ற உச்சி லீக்குக்கு ஒரு படி கீழே, ஏ.எச்.எல். ஐஸ் ஹொக்கி டீமில் இருந்த உன்னை, இன்னும் ஒரு படி கீழே ஈ.சி.எச்.எல்.லுக்கு அனுப்பியதைத் தங்கச்சி பார்த்துச் சொன்னாள். அங்கே போன பிறகும் முதல் மூன்று ஆட்டத்தில் உன்னை இறக்கவில்லை. பட்டியலில் உன் பெயர் இல்லாததை நானும் அப்பாவும் லாப்டொப்புக்கு முன்னால் இருந்து பார்த்தோம். நீ கோட் சூட்டோடு மேலே இருந்து ஆட்டம் பார்த்திருப்பாய்.

எங்களுக்குக் கவலை தரக்கூடாது என்றுதான் சொல்லாமல் விட்டாய், அது விளங்குகிறது. ஆனால் தெரிந்துகொண்டே தெரியாத மாதிரிக் கதைப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். பரவாயில்லை, பஸ்ஸில் இருந்து ஆறுதலாக வாசி.

வெள்ளிக்கிழமை உன்னை இறக்கினார்கள். முழு ஆட்டமும் பார்த்தேன். ஆட்டத்தின் மூன்று பீரியடில் இரண்டாவதில் பக்கம் மாறுவதால் உங்கள் பெஞ்ச் உங்கள் கோலுக்குத் தூரமாகிவிடும், பின்னுக்கு நிற்கிறவன் எவ்வளவு களைத்தாலும் ஓடிப்போய் மாற முடியாது. இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான், பதின்மூன்று வயதில், எங்கள் வான் வண்டிக்குள் வைத்து. ஒருவர் ஒரு தடவை ஐஸில் நிற்பது முக்கால் நிமிடம் என்றும் சொன்னாய். அன்று நீ ஒரு நிமிடம் ஐம்பது செக்கன் நின்றாய். திரையின் மூலையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன் ஜோடி மேலே போய் மாட்டிக்கொண்டான். அவர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், நீ தனி. உன் கால் இழுபடுவது எனக்குத் தெரிந்தது. ஆனால் நீ பக்கை, அந்த ரப்பர் வட்டை, வைத்திருந்தவன் மேல் பாயவில்லை. பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, ஸ்டிக்கை ஐஸோடு படுக்க வைத்து, மற்றவனுக்குப் போகிற வழியை மூடினாய். அடிக்கிறவனைக் கோல் காக்கிற கோலி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாய். அவன் கொடுக்கலாமா என்று பார்த்தான், வழியில்லை. இன்னும் கொஞ்சம் வந்தான், அப்போதும் இல்லை. கடைசியில் ஓரத்துக்குத் தள்ளுப்பட்டு அங்கிருந்தே அடித்தான். கோலி நெஞ்சோடு பிடித்துவிட்டார். வர்ணனையாளர் கோலியின் பெயரைச் சொன்னார், உன் பெயரைச் சொல்லவில்லை. நான் அதை நாலு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அப்பா எழும்பி வந்து "என்ன, கோலா?" என்று கேட்டார். "இல்லை, கோல் விழாமல் போன இடம்" என்றேன். அவரும் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

பதினொரு வயதில் உன்னை முன்னுக்கு இருந்து டிஃபென்ஸுக்கு மாற்றிய நாள் நினைவிருக்கிறதா? ஸ்காபுறோ கார்டன்ஸ் அரினாவின் பார்க்கிங்கில், வானுக்குள் ஏறியும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தாய், அழுகிற முகம் எனக்குத் தெரியக்கூடாது என்று. நானும் அதைத் தண்டனை என்றுதான் நினைத்தேன். ஊரில் பந்து பிடிக்கத் தெரியாத பெடியனைப் பவுண்டரியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், இதுவும் அப்படித்தான் என்று எண்ணிக் கோச்சோடு கதைக்கப் போனேன். அந்த மனிதர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இந்த வயதில் இவ்வளவு நன்றாகப் பின்னுக்கு ஸ்கேட் பண்ணுகிற பிள்ளை என்னிடம் வேறு இல்லை." அந்த மார்கழி முழுக்க வெளி ரிங்கில் நீ பின்னுக்குப் பின்னுக்கே ஓடினாய். நான் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு ஓரத்தில் நின்றேன். அன்று தொடங்கித்தான் நான் பக்கைப் பார்க்காமல் உன் காலைப் பார்க்கப் பழகினேன்.

அப்பா இரண்டு பேரைப் பற்றி உனக்கு எழுதச் சொன்னார். உனக்குத் தெரிந்த பெயர்கள்தான். அவர்கள் உன்னைப்போல 21 வயதில் எங்கே நின்றார்கள் என்று இந்தக் கிழமை வடிவாகத் தேடிப் பார்த்தோம்.

ஒருவர் மார்க் ஜோர்டானோ, எங்கள் ரொறன்ரோக்காரர். ஓவன் சவுண்டில், நீ ஆடிய அதே ஓ.எச்.எல். இளைஞர் லீக்கில் ஆடியும், என்.எச்.எல். அணிகள் புது ஆட்டக்காரரைத் தெரிவு செய்கிற டிராஃப்டில் அவரை ஒருவரும் எடுக்கவில்லை. யோர்க் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்று இருந்த நேரத்தில்தான், 2004இல், என்.எச்.எல். அணியான கல்கரி கூப்பிட்டது. பிறகு ஏ.எச்.எல். அப்புறம் 2007இல் ஒப்பந்தம் சரிவராமல் மொஸ்கோவுக்குப் போய் ஒரு சீசன் டைனமோ அணிக்கு ஆடிவிட்டுத் திரும்பி வந்தார். 2013இல் கல்கரியின் கப்டன். 2019இல், 35 வயதில், என்.எச்.எல்.லின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்குக் கொடுக்கிற நோரிஸ் கிண்ணம்.

மற்றவர் டெரிக் எங்கலண்ட். எனக்கு இவரைத்தான் கூடப் பிடித்தது. 2000இல் நியூ ஜெர்சி அவரை ஆறாவது சுற்றில் எடுத்தது, ஆனால் அந்த அணிக்கு அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. 21 வயதில் லாஸ் வேகாஸ் ராங்ளர்ஸில் நின்றார், நீ இப்போது நிற்கிற அதே ஈ.சி.எச்.எல்.லில். என்.எச்.எல்.லில் முதல் ஆட்டம் 2009இல், பிட்ஸ்பர்க்குக்கு. அப்போது வயது 27. எத்தனை பஸ், எத்தனை ஊர், யோசித்துப் பார். 2017இல் வேகாஸில் புது என்.எச்.எல். அணி தொடங்கியபோது அதே ஊருக்கு அந்த அணிக்காரராகத் திரும்பி வந்தார். அந்த ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வந்த முதல் உள்ளூர் ஆட்டத்தில், ஐஸில் மைக்கைப் பிடித்து ஊர்ச் சனத்தோடு பேசியவர் அவர்தான்.

ஆனால் தம்பி, அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், நீயும் சேருவாய் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. என்.எச்.எல்.லில் 32 அணி, ஒரு இரவுக்கு அணிக்கு ஆறு டிஃபென்ஸ்மேன். முழு உலகத்துக்கும் 192 இடம். எங்கலண்டோடு அதே பஸ்ஸில் போனவர்களில் எத்தனையோ பேர் மேலே போகவே இல்லை. அவர்களும் அதே பக்குக்கு முன்னால்தான் விழுந்தார்கள். நீ எந்தப் பக்கம் போவாய் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் போனாலும் எனக்குச் சொல்லிவிட்டுப் போ, அதுதான் நான் கேட்பது. ஆடாத நாளில் "இன்றைக்கு ஆடவில்லை அம்மா" என்று சொல். நான் ஆறுதல் சொல்லத் தொடங்கமாட்டேன், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

இன்னொன்று. ஓ.எச்.எல்.லில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு உனக்கு வரவேண்டி இருக்கிறது. அதற்குக் காலக்கெடு இருக்கிறது என்பது உனக்கும் தெரியும். கலியாண வீடு, பிறந்தநாள் வீடு என்று போகிற இடமெல்லாம் சொந்தக்காரர் கேட்கிறார்கள். நான் ஒருவருக்கும் பதில் சொல்வதில்லை. பேப்பர் எல்லாம் நீலப் ஃபைலில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். நீயாகக் கேட்டால் எடுத்துத் தருவேன். கேட்காவிட்டால் அது அங்கேயே இருக்கும். எங்களுக்காக விடவும் வேண்டாம், எங்களுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். காலை ஐந்தரைக்கு வானை எடுத்ததெல்லாம் கடனாக எழுதி வைத்த கணக்கு இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அப்பா உன் ஸ்கேட் கயிற்றை இறுக்கிக் கட்டுவாரே, அது அவருக்கு அந்த நாளிலேயே நல்ல நேரமாக இருந்தது. அவரே சொன்னார்.

கால் எப்படி? வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒரு அடியைக் கணுக்காலில் வாங்கினாய். பெஞ்சுக்குப் போகும்போது இடது காலை ஊன்றவில்லை, கமராவில் தெரிந்தது. பக் உறைய வைத்த ரப்பர், கல்லு மாதிரி. எக்ஸ்ரே எடுத்தார்களா? வீக்கம் வற்றாவிட்டால் ட்ரெயினரிடம் சொல். இடம் போய்விடும் என்று மறைக்காதே.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் வருகிறோம். ஒன்பது மணித்தியால ஓட்டம், அப்பா ஏற்கெனவே லீவு எடுத்துவிட்டார், டிக்கெட்டும் வாங்கியாயிற்று. அன்று உன்னை இறக்காவிட்டாலும் வருவோம். மேலே உன் பக்கத்தில் இருக்க எங்களை விடுவார்களா என்று கேட்டுச் சொல். உன்னோடு தங்கியிருக்கிற பெடியனுக்கு உறைப்புச் சாப்பிடப் பழகிவிட்டதா? மிளகாய்த்தூள் ஒரு போத்தல் போதுமா, இரண்டாகக் கொண்டுவரட்டா? பருத்தித்துறை வடை சுட்டுக்கொண்டு வருவேன், எத்தனை பேருக்கு என்று மட்டும் சொல்.

அன்புடன்
அம்மா