எல்லா ஊருமா, முழு ஊரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெள்ளம், நிலநடுக்கம் பற்றிய வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும்போது ஒரு பிழை திரும்பத் திரும்ப நேர்கிறது. தங்கள் இதழும் இதற்கு விலக்கல்ல. ஆங்கிலத்தில் ‘ஹோல் வில்லேஜஸ்’ (whole villages) அழிந்தன என்று இருக்கும்; தமிழில் ‘அனைத்துக் கிராமங்களும் அழிந்தன’ என்று அச்சாகிவிடும்.

அந்த வட்டாரத்தில் நூறு கிராமங்கள் இருந்தால், தமிழ்ச் செய்தியின்படி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆங்கிலச் செய்தி சொல்வது வேறு. சில கிராமங்கள் ஒரு வீடுகூட மிச்சமில்லாமல் போயின என்பதுதான் அதன் பொருள். மற்ற ஊர்களுக்கு ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். எத்தனை ஊர் என்ற கேள்விக்கு ‘ஆல்’ (all) என்ற சொல் பதில் சொல்லும். ‘ஹோல்’ சொல்வது ஓர் ஊருக்குள் எவ்வளவு என்பதை. ‘தி ஹோல் வில்லேஜ்’ என்று ஒருமையில் வந்தால் யாரும் தடுமாறுவதில்லை, ‘ஊர் முழுவதும்’ என்று சரியாகவே எழுதுகிறார்கள். பன்மையில்தான் சறுக்கல்.

தமிழில் இதற்கு வழியில்லாமல் இல்லை. ‘சில ஊர்கள் அடியோடு அழிந்தன’, ‘குடும்பம் குடும்பமாக மாண்டார்கள்’ என்றால் முடிந்தது. ‘ஊர் ஊராக’ என்று மட்டும் போட வேண்டாம். அது ஊர் சுற்றுவதுபோல் ஒலிக்கும்.

இன்னொன்று. உடல்நலக் கட்டுரைகளில் வரும், முழுமையாகப் பார்ப்பதைக் குறிக்கும் ‘ஹோலிஸ்டிக்’ (holistic) என்ற சொல் இந்த ‘ஹோல்’ என்பதிலிருந்து பிறந்ததாக எழுதுகிறார்கள். இல்லை. அது ‘முழுமையான’ என்று பொருள்படும் ‘ஹோலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தென்னாப்பிரிக்கப் பிரதமராக இருந்த யான் ஸ்மட்ஸ் 1926இல் தம் நூலில் உருவாக்கிய ‘ஹோலிசம்’ என்பதை ஒட்டியது. ‘ஹோல்’ பழைய ஆங்கிலச் சொல். முதலில் அதற்கு ‘காயம் படாத, நலமான’ என்றே பொருள். ‘ஹெல்த்’, ‘ஹீல்’ எல்லாம் அதன் உடன்பிறப்புகள். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் நோயாளி ‘ஹோல்’ ஆனான் என்றால் குணமானான் என்று அர்த்தம். உச்சரிப்பில் இல்லாத ‘டபிள்யூ’ (w) என்ற முன்னெழுத்து பழைய ஆங்கிலத்தில் இல்லை, பின்னால்தான் ஒட்டிக்கொண்டது. (தமிழில் எழுதும்போது அந்த எழுத்தும் உதிர்ந்துவிடுவதால் முழுமைக்கும் ஓட்டைக்கும் வித்தியாசமே தெரிவதில்லை!)

‘எ ஹோல் நியூ’ என்று வரும் இடங்களில் ‘முழுப் புதிய’ என்று எழுதுவதையும் நிறுத்தலாம். அங்கே அது வெறும் அழுத்தம். ‘முற்றிலும் புதிய’ என்பதே போதும். இது காதுக்கு உறுத்தும், அவ்வளவுதான். ஊர்க் கணக்கு அப்படியல்ல. அங்கே பிழையான மொழிபெயர்ப்பு பிழையான செய்தியாகிவிடுகிறது. ஆகவே இத்தகைய செய்திகளில் ‘அனைத்து’ என்று வரும் இடத்தை மட்டுமாவது மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும்படி செய்திப் பிரிவினரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்