பெட்டியை விற்க வேண்டாம்

சுங்கை சிப்புட்
மலேசியா
திங்கட்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று மதியம் பேசும்போது, கேம் பெட்டியை வாங்க ஒருவர் இருக்கிறார், நல்ல விலை தருவார், விற்றுவிடலாம் என்று சொன்னாய். நான் "சரிப்பா, அப்பாகிட்ட கேக்குறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உனக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்கும். கோபமெல்லாம் இல்லை, கண்ணு. அந்த நேரத்தில் என் கை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. காரணத்தைப் போனில் சொல்ல வரவில்லை. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். பசியாறிவிட்டு உட்கார்ந்து படி.

உன்னைக் கூப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால்தான் பொட்டுகளைத் தின்றுகொண்டே பேய்களிடமிருந்து தப்பி ஓடும் அந்தப் பேக்மேன் விளையாட்டின் 256-ஆவது சுற்றை விளையாடி எழுந்திருந்தேன். நான் எடுத்த புள்ளி 3,333,270. அந்த விளையாட்டில் எடுக்கக்கூடிய உச்ச எண், அதாவது முழு எண், 3,333,360. எனக்கு 90 புள்ளி குறைந்துபோனது.

அம்மா பொழுதுபோக்குக்கு விளையாடுகிறாள் என்று நீயும் அக்காவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். நீ ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போன வருஷத்திலிருந்து நான் இதைப் பயிற்சியாகச் செய்துவருகிறேன் என்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இதை 1983-இலிருந்து சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் பதினைந்து வயது. சனிக்கிழமை டியூஷன் முடிந்து தோட்டத்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் உன் மாமா கேம் கடைக்குள் போய்விடுவார். நான் கடை முன்னால் நடைபாதையில், அஞ்சடியில், அவர் பையையும் என் பையையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். பொம்பளைப் பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் ஒருத்திகூடப் போனதில்லை. உள்ளே சிகரெட் புகை, பையன்கள் கூட்டம். வாசலுக்கு நேராக இருந்த பெட்டிதான் பேக்மேன். பையன்களின் தோளுக்கு நடுவில் தெரிந்த அளவுக்குப் பார்ப்பேன். மாமா இருபது காசு போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் எந்த இடத்தில் தப்பாகத் திரும்பினார் என்று வெளியில் நின்ற எனக்குத் தெரியும். பஸ்ஸில் சொல்வேன். "உனக்கு என்ன தெரியும்" என்பார்.

அந்த விளையாட்டைச் செய்த தோரு இவாத்தானி என்ற ஜப்பான்காரரைப் பற்றிப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். நாம்கோ நிறுவனம் 1980-இல் அதை வெளியிட்டது. கேம் கடைகளில் அன்றைக்குச் சுடுவதும் குண்டு போடுவதும்தான் இருந்தன, ஆண்கள்தான் நிறைந்திருந்தார்கள். பெண்களும் உள்ளே வந்து விளையாட வேண்டும் என்றுதான் அவர் சாப்பிடுவதை வைத்து ஒரு விளையாட்டு செய்தாராம். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, தம்பி. டோக்கியோவில் ஒருவர் என்னைப் போன்றவளை நினைத்துச் செய்த பொருள் சுங்கை சிப்புட் வரைக்கும் வந்துசேர்ந்திருக்கிறது. நான் பையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருக்கிறேன்.

அந்தக் கேம் கடையை மூடியபோது அப்பா அந்தப் பெட்டியை வாங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். உனக்கு எட்டு வயது, முக்காலி போட்டு ஏறி நின்றாய். டிவி ரிப்பேர்க் கடையில் ஓட்டை உடைசலோடு இதுவும் கிடக்கட்டும் என்று அவர் சொன்னார். ஆனால் மூன்றே நாளில் சரிசெய்து முன் அறையில் வைத்தார். எனக்காகத்தான் வாங்கினேன் என்று இன்றுவரை அவர் வாயால் சொன்னதில்லை.

பேய்கள் கண்டபடி வருவதில்லை என்று நான் முதலில் புரிந்துகொண்டது நீ விளையாடுவதைப் பார்த்துத்தான். சிவப்பு உன்னையே குறிவைத்து வரும். இளஞ்சிவப்பு நீ பார்க்கும் திசையில் நாலு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்பு எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் துரத்துவதை விட்டுத் தன் மூலைக்குத் திரும்பும். நாலுக்கும் நாலு குணம். அதைவிடப் பெரிய விஷயம், நீ அதே வழியில் அதே நேரத்தில் போனால் அவையும் ஒவ்வொரு முறையும் அதே வழியில்தான் வரும். பெரிய பொட்டைத் தின்றால் நாலும் கொஞ்ச நேரம் நீலமாகி ஓடும், அப்போது நாம் அவற்றைத் தின்னலாம். அந்த நேரத்தில்கூட அப்படித்தான். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அந்தக் கணக்கு முதலிலிருந்தே ஆரம்பிக்கிறது.

இது புரிந்ததும் எனக்கு ரப்பர் தோட்டத்து மர வரிசை, நிரைதான் நினைவுக்கு வந்தது. பள்ளி லீவில் பாட்டியோடு பால் வெட்டப் போவேன். நெற்றியில் விளக்கு, இடுப்பில் உளி. விடியாத இருட்டில் மரத்துக்கு மரம் ஒரே ஒழுங்கு. எந்த மரத்துக்குப் பிறகு எந்த மரம், எந்த வேர் காலைத் தட்டும், எங்கே பள்ளம் என்று பாட்டிக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கோடு ஆழமாகப் போனால் மரத்தில் காயம். மேலாகப் போனால் பால் வராது. அந்த அளவை அவர் வாயால் சொல்லித் தரவில்லை. என் கையைப் பிடித்து வெட்டிக் காட்டினார். தோட்டம் முழுக்கச் செம்பனையாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கையில் மட்டும் அது போகவில்லை.

அதனால் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்று வாங்கி, ஒரு சுற்றுக்கு ஒரு பக்கம் என்று அம்புக்குறி போட்டு எழுதினேன். முதல் பதினாறு சுற்றிலும், அப்புறம் 18-ஆவது சுற்றிலும், நாலு பெரிய பொட்டுக்கும் நாலு பேய்களையும் விடாமல் தின்ன வேண்டும். 200, 400, 800, 1,600 என்று ஏறி ஒரு பொட்டுக்கு 3,000 புள்ளி, சுற்றுக்கு 12,000. ஒரு பேய் தப்பினாலும் முழு எண் போய்விடும். தொடக்கத்தில் ஆறு வினாடி நீலமாக இருப்பவை 9-ஆவது சுற்றில் ஒரே வினாடிதான். ஆகவே நாலையும் பின்னால் ஒட்டி வரவைத்து, கொத்தாகச் சேர்ந்த பிறகுதான் பொட்டைத் தொட வேண்டும். 18-ஆவது சுற்றும் அப்படி ஒரு வினாடிதான். அதற்கு மட்டும் எனக்கு ஏழு மாதம் ஆனது.

19-ஆவது சுற்றிலிருந்து பேய்கள் நீலமாவதே இல்லை. 21-இலிருந்து அவை நம்மைவிட வேகம். பிழைக்க ஒரே வழி திருப்பங்கள். திருப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே கைப்பிடிக் கம்பியைத் தள்ளினால் நாம் மூலையை வெட்டிப் போகலாம், பேயால் முடியாது. அங்கிருந்து 255 வரைக்கும் எல்லாச் சுற்றும் ஒன்றே. ஒரே பாதையை 235 முறை நடக்க வேண்டும். சலிக்காதா என்று அப்பா கேட்டார். சலிக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் 240 சின்னப் பொட்டு, நாலு பெரிய பொட்டு, கூடுதல் புள்ளி தரும் இரண்டு சாவி. அந்தப் பாதையில் போகும்போது என் மனசு இருக்கும் அமைதியை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

திரையில் ஆறு இலக்கத்துக்குத்தான் இடம். பத்து லட்சம் தாண்டினால் எண் மறுபடி சைபரிலிருந்து வரும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை தாண்டும்போதும் பெட்டியின் மேல் ஒரு புளியங்கொட்டை வைப்பார். புறப்படும் இடத்துக்கு வலப்பக்கம் கொஞ்சம் மேலே ஒரு சந்து இருக்கிறது. பேய்கள் பார்க்காதபோது அங்கே போய் மேல்நோக்கி நின்றுவிட்டால் ஒன்றும் நம்மைக் கண்டுபிடிக்காது. அங்கே நிறுத்திவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன், அடுப்பைப் பார்ப்பேன். ஆனால் பாதையை விட்டு விலகினால் பழைய ஒழுங்கு கலைந்துவிடும். அந்தச் சுற்றின் மிச்சத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. நம் ஊர் இடி மின்னல் உனக்குத் தெரியும், மதியம் இரண்டு மணிக்கு மேல் நம்ப முடியாது. போன வருஷம் 180-ஆவது சுற்றைத் தாண்டிய பிறகு ஒரு நாள் கரண்டு போனது. திரை ஒரு பொட்டாகச் சுருங்கி அணைந்தது. நான் அரை மணி நேரம் அப்படியே நின்றேன். அன்றிலிருந்து காலை ஆறரைக்கே தொடங்குவது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆகிறது. அமெரிக்காவில் டேவிட் ரேஸ் என்பவர் 2013-இல் இதையே மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்திருக்கிறார். எனக்கு வேகம் வேண்டாம், எண் போதும்.

இப்போது 256. பெட்டிக்குள் சுற்றை எண்ணும் இடத்தில் 255-க்கு மேல் இடமில்லை. அதைத் தாண்டியதும் கணக்கு புரண்டு, திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணுமாகக் கொட்டிவிடும். இடது பாதி மட்டும் நல்லபடியாக இருக்கும். அங்கே இருக்கும் பொட்டுகளையும் ஒரு சாவியையும் எடுக்கலாம். வலது பக்கக் குப்பைக்குள் ஒன்பது பொட்டு மறைந்திருக்கிறது, சில கண்ணுக்கே தெரியாது. இடப்பக்கம் தின்றது தின்றதுதான். வலப்பக்க ஒன்பதும் ஓர் உயிர் போனால் திரும்ப முளைக்கும். ஆக, ஒன்பதையும் தின்று, நானே பேயிடம் போய், மறுபடி ஒன்பது. அப்பா பெட்டியில் ஓர் ஆட்டத்துக்கு ஐந்து உயிர் என்று வைத்திருக்கிறார், பத்தாயிரம் புள்ளியில் இன்னொன்று வரும், மொத்தம் ஆறு. ஆறையும் கடைசிச் சுற்றுவரை பத்திரமாகக் கொண்டுபோனால்தான் அதுவரை நடந்ததற்கெல்லாம் பலன். ஓர் உயிர் குறைந்தால் 90 புள்ளி குறையும்.

எனக்கு ஓர் உயிர் குறைந்தது 131-ஆவது சுற்றில். இரண்டாவது சாவியும் எடுத்தாகிவிட்டது, கீழே கொஞ்சம் பொட்டுதான் மிச்சம். அப்போது போன் அடித்தது. உனக்கென்று அக்கா வைத்துக் கொடுத்த மணி. தலையை முழுதாகத் திருப்பக்கூட இல்லை, கண்தான் போனது. கம்பி ஒரு நொடி பிந்தியது.

உன்மேல் தப்பே இல்லை, கண்ணு. நான் சொல்லியிருந்தால் நீ அந்த நேரத்தில் கூப்பிட்டிருக்க மாட்டாய். சொல்லாமல் இருந்தது நான். முடித்துக் காட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. அதற்குப் பிறகு 255 வரைக்கும் ஓர் உயிர்கூட விடாமல் கடந்தேன். எழுந்தபோது அப்பா மூன்று புளியங்கொட்டையையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினார். உடனே உன்னைத்தான் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பெட்டியின் விலையைச் சொன்னாய்.

அந்தக் காசை வைத்து எங்களுக்கு ஏர்கோன் போட நினைத்தாய் என்று தெரியும். நல்ல மனசு. ஆனால் அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம். இது என்னுடையது. இதை உன்னிடம் இவ்வளவு தெளிவாகச் சொல்வது இதுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் உட்காரப் போகிறேன். இனி ஒரு மணிக்கு மேல் கூப்பிடு. நீ தீபாவளிக்கு வரும்போது நடந்தால், ஆறரை மணியிலிருந்து என் பக்கத்தில் உட்கார். மாமாவுக்கும் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றார்.

அப்புறம் ஒரு வேலை. கம்பியின் கீழே இருக்கும் தகட்டு சுவிட்சில் இடப்பக்கத் தகடு தளர்ந்துவிட்டது. அப்பா வளைத்து வளைத்து ஓட்டுகிறார். இங்கே கிடைக்கவில்லை. அங்கே கிடைத்தால் நாலு வாங்கி வா. அளவை அப்பா இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறார், துளைக்குத் துளை இடைவெளியும் போட்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா