ஆபரேட்டர் மாமாவுக்கு, சிகாகோவிலிருந்து

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலம்தானே. போனில் பேசும்போது, "சனி ஞாயிறு என்ன பண்ணினே பாப்பா?" என்று கேட்டீர்கள். "படம் பார்த்தேன்" என்று சொல்லி முடித்துவிட்டேன். பக்கத்தில் ஆள் இருந்ததால் விரிவாகப் பேச முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று நாளில் பார்த்ததை எல்லாம் முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். படம் முழுக்க உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராகக் கேபினில் வாழ்நாளைக் கழித்தவர்கள் நம் ஊர்ப் பக்கம் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கண்ணிலும் இது படட்டும்.

தியேட்டரின் பெயர் மியூசிக் பாக்ஸ். சிகாகோவின் வடக்கே லேக்வியூ என்கிற பகுதியில், சவுத்போர்ட் அவென்யூவில் இருக்கிறது. பிரவுன் லைன் ரயிலில் இறங்கி நடந்தே போய்விடலாம். இரண்டு பக்கமும் வீடுகள், சாப்பாட்டுக் கடைகள், நடுவில் விளக்குப் போட்ட பெயர்ப் பலகை. 1929 ஆகஸ்ட் 22 அன்று திறந்திருக்கிறார்கள். அந்த வருஷத்தை யோசித்துப் பாருங்கள். பேசும் படம் வந்து காலூன்றிக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் முதலாளிகளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை போல. பேசும் படம் நிலைக்காமல் போனால் என்ன செய்வது என்று, வாத்தியக்காரர்கள் உட்காரத் திரைக்கு முன்னால் ஒரு பள்ளத்தையும், ஆர்கன் என்கிற பெரிய வாத்தியத்தின் குழாய்கள் வைக்கப் பக்கச் சுவரில் அறைகளையும் சேர்த்தே கட்டிவிட்டார்கள்.

ஊருக்கு நடுவே மூவாயிரம் பேர் உட்காரும் அரண்மனை மாதிரி தியேட்டர்கள் இருந்த காலத்தில், இது சுமார் 800 இருக்கை கொண்ட பேட்டைத் தியேட்டர். உள்ளே போனால் சுவரெல்லாம் இத்தாலிய வீட்டு முற்றம் போலச் சுதை வேலை. மேலே கருநீலக் கூரை. அதில் நட்சத்திரங்கள் மினுக்கும், மேகம் நகரும். திறந்தவெளியில் உட்கார்ந்து படம் பார்க்கிற நினைப்பு வர வேண்டும் என்று வேலை மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள். நம் டூரிங் டாக்கீஸில் கொட்டகை ஓரம் உட்கார்ந்தால் சும்மாவே கிடைத்த வானம் அது!

இந்தத் தியேட்டரும் படாத பாடு பட்டிருக்கிறது. 1977 முதல் 1983 வரை எப்போதாவது ஸ்பானிஷ் படம், அரபிப் படம், இல்லாவிட்டால் வயது வந்தோர் படம் என்று ஓட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள். 1983இல் புதிய நிர்வாகம் வந்து இடத்தைச் செப்பனிட்டு, பழைய படங்களை இரண்டிரண்டாக ஓட்ட ஆரம்பித்தது. 1991இல் பக்கத்திலேயே நூறு பேர் உட்காரும் சின்னத் திரை ஒன்றையும் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சின்னத் திரைதான் புத்திசாலித்தனமான வேலை. பெரிய ஹாலில் விழா, பழைய படம் என்று நடக்கும்போது, கூட்டம் குறைந்த புதுப் படம் ஒன்று அங்கே அமைதியாக இன்னும் சில வாரம் ஓடும். நம் ஊர்களில் ஒற்றைத் திரையை இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கியவர்கள், இப்படி ஒரு மூலையைத் தடுத்துப் பார்த்திருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

சரி, படத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி', ஞாயிற்றுக்கிழமை மதியம் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', இரண்டும் 70 எம்.எம்., அதாவது வழக்கமான 35 எம்.எம். பிலிமைப் போல இரண்டு மடங்கு அகலப் பிலிம். நடுவில் சனிக்கிழமை ஓர் ஊமைப் படம், ஆர்கன் வாசிப்போடு.

70 எம்.எம். என்றதும் நீங்கள் 'மாவீரன்' போஸ்டரைச் சொல்வீர்கள். 1986இல் வந்தது. 70 எம்.எம்.இல் வந்த முதல் தமிழ்ப் படம். உங்கள் தியேட்டருக்கு வந்தது 35 எம்.எம். பிலிம் பெட்டிதான் என்பதையும் சேர்த்தே சொல்வீர்கள். 'ஷோலே'யைக் கூட 35இல் எடுத்து, பிறகு 70 ஆகப் பெரிதாக்கித்தான் வெளியிட்டார்கள். நான் பார்த்த இரண்டு படமும் அப்படி இல்லை மாமா. கேமராவிலேயே 65 எம்.எம். நெகடிவ் போட்டு எடுத்தவை. ப்ரிண்ட் போடும்போது பக்கத்துக்கு இரண்டரை எம்.எம். கூட்டி 70 ஆக்குவார்கள். அந்தக் கூடுதல் இடம் சத்தத்துக்கு. அந்தக் காலத்தில் பிலிம் ஓரத் துளைகளுக்கு வெளியே பக்கத்துக்கு இரண்டு, உள்ளே பக்கத்துக்கு ஒன்று, ஆக மொத்தம் ஆறு காந்த ட்ராக். ஒரு ஃபிரேமுக்கு நான்கு துளை என்று நீங்கள் எனக்கு எண்ணிக் காட்டியிருக்கிறீர்கள் அல்லவா, இதில் ஐந்து. அதனால் பிலிமும் வேகமாகத் தீரும். 35இல் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், இதில் 112 அடிக்கு மேல். 'லாரன்ஸ்' ஏறக்குறைய மூணே முக்கால் மணி நேரம். கணக்குப் போட்டால் 25,000 அடி! அத்தனையையும் தூக்கி, கழுவித் துடைத்தது போல அழுக்கில்லாமல் ஓட்ட வேண்டும்.

'லாரன்ஸ்' எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? திரையில் ஒன்றுமே இல்லாமல், இருட்டில் சில நிமிஷம் இசை மட்டும். நம் ஊரில் இப்படி விட்டிருந்தால் விசில் பறந்திருக்கும், "ஆபரேட்டர் தூங்கிட்டாருப்பா" என்று கத்தியிருப்பார்கள். இங்கே அத்தனை பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளையும் படத்திலேயே இருக்கிறது, எடுத்தவர்கள் வைத்த இடத்தில். பாலைவனத்தில் தூரத்துக் கானல் நீருக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் புள்ளி கிளம்பி, ஒட்டகமாக மாறி, மேலே ஒரு மனிதன் தெரிய ஆரம்பிக்கும் காட்சியை டிவியில் பல தடவை பார்த்திருக்கிறேன். டிவியில் அந்தப் புள்ளியைத் தேட வேண்டும். இங்கே, யாரோ வருகிறார் என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்து இருக்கைக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது ஒட்டகத்தை இல்லை. திரையின் வலது மேல் மூலையை. படம் ஓடி இருபது நிமிஷம் போல ஆகியிருக்கும். மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறைந்தது. என்னை அறியாமல் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழெட்டு வினாடியில் இரண்டாவது வட்டம். அது போய் ஒரு வினாடிக்குள் ரீல் மாறிவிட்டது. கொஞ்சம்கூடக் குதிக்கவில்லை, வெளிச்சம் ஏறி இறங்கவில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. முதல் பொட்டுக்கு இரண்டாவது மெஷினின் மோட்டார், இரண்டாவது பொட்டுக்கு சேஞ்ச் ஓவர், அதாவது ஒரு மெஷினிலிருந்து மற்றதற்குப் படத்தை மாற்றுவது என்று கேபின் ஸ்டூலில் என்னை உட்கார வைத்துக் காட்டினீர்களே, அது இன்னமும் ஒரு மனிதர் கையால் அப்படியே நடக்கிறது.

2014இல் பாரமவுண்ட் ஸ்டுடியோ இங்கே பெரிய படங்களுக்கு பிலிம் ப்ரிண்ட் போடுவதை நிறுத்தியது. மற்ற ஹால்களில் இப்போது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான். அதற்காக இந்தத் தியேட்டர் தன் பிலிம் மெஷின்களைக் காயலான் கடைக்குப் போடவில்லை. 2012 ஆகஸ்டில் இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சனின் 'தி மாஸ்டர்' 70 எம்.எம். ப்ரிண்ட்டை, முறைப்படி வெளியாகும் முன்பே இங்கே ஒரு சிறப்புக் காட்சியாக ஓட்டினார்கள். அப்புறம் 70 எம்.எம். விழாவே நடத்த ஆரம்பித்தார்கள். நிகழ்ச்சி அட்டவணையில் படத்தின் பெயர், வருஷம், அதற்குப் பக்கத்திலேயே 35 எம்.எம்., 70 எம்.எம். என்று போடுகிறார்கள். ஜனங்கள் அதைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறார்கள். எந்த நடிகர் என்று கேட்பது போல, என்ன ப்ரிண்ட் என்று கேட்கிறார்கள்.

பழைய பிலிம்களைப் பாதுகாத்து வைக்கிற ஆர்க்கைவிலிருந்து ப்ரிண்ட் வாங்குவதற்கு என்ன நிபந்தனை தெரியுமா? இரண்டு மெஷின் வேண்டும், ரீல் ரீலாகத்தான் ஓட்ட வேண்டும். எல்லா ரீலையும் ஒட்டி ஒரே பெரிய தட்டில் போட்டு ஓட்டக் கூடாது. காரணம் உங்களுக்குத் தெரியும். ஒட்ட வேண்டுமானால் தலையையும் வாலையும் வெட்ட வேண்டும், ஒவ்வொரு வெட்டிலும் ஒரு ஃபிரேமாவது போகும். அதாவது சேஞ்ச் ஓவர் தெரிந்த ஆபரேட்டர் இருக்கிற தியேட்டருக்குத்தான் அந்தப் பெட்டியே வரும். மூணு காட்சிக்குப் பிறகும் கீறல் இல்லாமல் பெட்டியைத் திருப்பி அனுப்பினேன் என்று நீங்கள் சொல்லும்போது, வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு அந்த இருட்டில் எனக்குப் புரிந்தது.

ஊமைப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டனின் படம். 1929இல் ஒருவேளை தேவைப்படலாம் என்று கட்டி வைத்த இடத்துப் பக்கத்திலேயே இன்று ஆர்கன் வாசிக்கிறார்கள். குழாய் இல்லை, மின்சார ஆர்கன். வாசிப்பவர் நிமிர்ந்து திரையையே பார்த்துக்கொண்டு, விழுகிற இடத்தில் விழுந்து, ஓடுகிற இடத்தில் ஓடுகிறார். முன் வரிசையில் சின்னப் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு சேதி: அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றியதால் படத்துக்குப் படம் வேகம் மாறும். வினாடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டினால் சில படத்தில் ஆட்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். 18க்கோ 20க்கோ இறக்கினால்தான் மனிதர்கள் மாதிரி நடப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் எந்த வேகம் என்று முடிவு செய்வதும் ஆபரேட்டர் பக்கத்து வேலை.

டிஜிட்டல் வந்ததும் உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். "பட்டனை அமுக்க யாரு வேணாலும் போதும்" என்று யாரோ சொன்னதைப் பல வருஷம் கழித்தும் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எங்களுக்கெல்லாம் அது ஒரு வேலை போனதாக மட்டும்தான் தெரிந்தது. இப்போது சொல்கிறேன் மாமா, எடுத்தவர்கள் எடுத்த படம் ஜனங்கள் கண்ணுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது உங்கள் கையால். அந்த வித்தை தெரிந்தவர்களை இங்கே தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், இளவயதுக்காரர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறார்கள். நம் ஊரில் உங்களிடமிருந்து யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

அதனால் ஒரு வேலை செய்யலாம் என்று இருக்கிறேன். இந்தத் தடவை ஊருக்கு வரும்போது உங்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்கிறேன். மெஷினைத் திறந்து பிலிம் மாட்டுவது, அறுந்தால் ஒட்டுவது, மெஷினில் விளக்குக்கு முன்னால் இருக்கும் கேட்டில் பிலிம் சிக்கிக் கருகினால் முதலில் எதைத் தொடுவது, பெட்டி வர லேட்டானால் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது, எல்லாம். நீங்கள் பரணில் போட்டு வைத்திருக்கிற ரீவைண்டரையும் மெஷின் விளக்குக்கு எரித்த அந்த மிச்சக் கார்பன் குச்சிகளையும் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அத்தை பரணைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று கிளம்பினால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அதுவரை ஒன்றுக்கு மட்டும் இப்போதே பதில் வேண்டும், போனில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாலும் சரி. இங்கே இப்போது ஸெனான் விளக்கு, போட்டால் ஒரே சீராக எரிகிறது. நம் ஊரில் ராத்திரிக் காட்சியில் வோல்டேஜ் இறங்கும்போது, இரண்டு கார்பனுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவீர்கள்? கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து முடிவு செய்வீர்களா, இல்லை திரையின் வெளிச்சத்தைப் பார்த்தா?

அன்புடன்,
பாப்பா