எலி எதை விட்டுக்கொடுக்கிறது?

ஆசிரியருக்கு,

வணக்கம். மது அடிமைத்தனம் குறித்த சென்ற இதழ்க் கட்டுரை, எலிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளை ஒரே வரியில் தள்ளிவிட்டது. எலிக்கு ஊற்றிக் கொடுத்தால் குடிக்கும், அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்கிறார் கட்டுரையாளர். மருத்துவக் கல்லூரி ஒன்றின் விலங்குக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஊற்றிக் கொடுத்தால் எலி குடித்துவிடாது. பெரும்பாலான ஆய்வக எலிகளுக்குச் சாராய வாடையே ஆகாது. சர்க்கரை கலந்து பழக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையைக் குறைக்கும் முறையே இதற்காக வந்ததுதான். அப்புறம் கூண்டில் இரண்டு புட்டிகள்: ஒன்றில் தண்ணீர், மற்றதில் சாராயம் கலந்த தண்ணீர். எடை போட்டு, எது எவ்வளவு குறைந்தது என்று குறிப்பார்கள். புட்டிகளை இடம் வலமாக மாற்றியும் வைப்பார்கள். மாற்றாவிட்டால் எலி பழகின பக்கத்துக்கே போகும். அதற்குச் சாராயம் பிடித்துவிட்டது என்று நாம் எழுதி வைப்போம்.

அதிகம் குடிக்கும் எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, பின்லாந்திலும் அமெரிக்காவின் இந்தியானாவிலும் குடிக்கும் எலி வம்சங்களையே உருவாக்கினார்கள். நாட்டம் ஓரளவு பிறவியிலேயே வருகிறது என்பது அதில் தெரிந்தது. ஆனால் எவ்வளவு குடிக்கிறது என்பதை மட்டும் வைத்து அடிமைத்தனத்தைச் சொல்லிவிட முடியாது. குடிக்காக ஒருவர் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் மதுக்கடைக்குப் போன வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஸ்வீடனின் லிங்கோபிங் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹைலிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் எலியிடம் அதைத்தான் கேட்டார்கள். சாராயத்துக்குப் பழகிய எலிகளுக்கு இனிப்பு நீரையும் வைத்தார்கள். பெரும்பாலானவை சாராயத்தை விட்டுவிட்டு இனிப்புக்குப் போயின. சுமார் 15 சதவீதம் மட்டும் போகவில்லை. கசப்பு மருந்தைக் கலந்தாலும், காலில் மின்னதிர்ச்சி கொடுத்தாலும் அவை சாராயத்தை விடவில்லை. வேதனைப்படுத்தும் சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எலிகளின் மூளையில், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியில், நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளை அகற்றும் புரதம் குறைந்திருந்தது. இனிப்பை விரும்பிய எலிகளிலும் அந்தப் புரதத்தைக் குறைத்ததும் அவை சாராயத்தின் பக்கம் சாய்ந்தன. இறந்த குடிநோயாளிகளின் மூளையிலும் அதே குறைவு காணப்பட்டது. 2018இல் வெளியான ஆய்வு இது. குடிப்பவனுக்கு மன உறுதி இல்லை என்று கட்டுரையாளர் முடித்துவிட்ட இடத்தில் இதுவல்லவா இருந்திருக்க வேண்டும்?

எலியில் பலித்ததெல்லாம் மனிதரிடம் பலித்துவிடாது, சரி. மன அழுத்த ஹார்மோன் ஒன்றைத் தடுக்கும் மருந்துகள் எலிகளின் குடியை நன்றாகக் குறைத்தன; ஹைலிக் குழுவினரே மனிதரிடம் சோதித்தபோது வேட்கை குறையவில்லை. அவர்களே அதை வெளியிட்டார்கள். அதே சமயம் எலியிலும் குரங்கிலும் குடியைக் குறைத்த நால்ட்ரெக்சோன் என்ற மருந்து மனிதருக்கும் உதவி, 1994இல் அமெரிக்காவில் குடிநோய்க்கு அனுமதி பெற்றது.

இந்தியாவிலும் அது கிடைக்கிறது. எல்லாருக்கும் கேட்கும் மருந்தல்ல. மனநல மருத்துவர் பார்த்து, ஈரல் நிலையைச் சோதித்துத்தான் தர வேண்டும். ஆனால் கோயிலில் கயிறு கட்டியும் பலனில்லாமல் வருகிற குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. நான்கு பக்கக் கட்டுரையில் அதன் பெயர் ஒரு முறையாவது வந்திருக்கலாம். அடுத்த இதழிலாவது மருத்துவர் ஒருவரைக் கொண்டு இந்தச் சிகிச்சைகளைப் பற்றி எழுதச் செய்யுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர், மதுரை