பறித்து வைத்தால் புரிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழ்க் கட்டுரையில் ‘பிள்ளைகளிடமிருந்து செல்போனைப் பறித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்’ என்ற வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். கொரோனா ஊரடங்கில் செல்போன் வாங்கித் தரச் சொன்னது நாம்தான். தாலியை அடகு வைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இன்றும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் போகிறது. இப்போது பறிக்கவும் சொன்னால் அந்தப் பெற்றோர் என்னதான் செய்வார்கள்?

கட்டுரை ஆஸ்திரேலியாவைப் புகழ்கிறது. 2025 டிசம்பர் முதல் அங்கே 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத்தான் தடை. கணக்கில்லாமல் யூடியூப் பார்க்கத் தடையில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. எங்கள் பிள்ளைகள் பார்ப்பதோ அம்மாவின் கணக்கில்.

பெற்றோர் கூட்டத்தன்று இரண்டு தாய்மார்களின் செல்போன்களை மேஜைமேல் அருகருகே வைத்து யூடியூபைத் திறந்தேன். ஒன்றில் சீரியலும் கோலமும். மற்றொன்றில் மேலிருந்து கீழ்வரை முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்கள். “ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன் டீச்சர், அதற்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டாள் அந்த வீட்டுப் பெண். எதில் விரல் நின்றது, எத்தனை விநாடி பார்த்தோம், எதைத் தள்ளிவிட்டோம் என்று கணக்கு வைத்தே அடுத்த வீடியோ வருகிறது, நாம் பார்க்கும் நேரம் விளம்பரக் காசாகிறது என்று சொன்னேன். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். தாய்மார்கள்தான் திகைத்து நின்றார்கள்.

இதைச் சொல்லித்தர எங்களுக்கு ஒரு பாடவேளை கிடையாது. ஆண்டுக்கொரு விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கும். உறுதிமொழி, குழுப் புகைப்படம், அதோடு சரி. கணினி ஆய்வகம் இணையத் தேர்வுக்கும் விவரப் பதிவுக்குமே போதவில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2024இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புப் பாடநூல்களிலேயே பொய்ச்செய்தியைக் கண்டறியும் பயிற்சியைச் சேர்த்துவிட்டார்கள்.

2018இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிப்பவர் என்று ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்களே, அடித்தவர்கள் சிறுவர்களா? அந்த வாட்ஸ்அப் வதந்தியைக் குழுவுக்குக் குழு அனுப்பியவர்களில் என் உறவினர்களும் உண்டு. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள். அவர்களிடமிருந்து யாரும் செல்போனைப் பறிக்கச் சொல்லவில்லை.

தங்கள் சிறுவர் இணைப்பில் வாரம் கால் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

– அரசுப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்