2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கீத சங்கத்தின் வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கச்சேரிகள் தடையில்லாமல் நடந்தன. மே மாதம் ஏற்காட்டில் வைக்க நினைத்த நிகழ்ச்சி மட்டும் மழையால் நின்றுபோனது. செயற்குழுவில் அதிகம் பேசிய விஷயத்துக்கு வருகிறேன்: நம் மேடையில் தாளவாத்தியம் வாசிக்கும் பெண்கள் இல்லாதது.

நம் பழைய அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்தோம். பாடுவதில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். வயலினிலும் பெண்கள் உண்டு. மிருதங்கம், கடம், கஞ்சிரா என்று வரும் இடத்தில் மட்டும் வரிசையாக ஆண் பெயர்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. பாட்டுக்கு ஆள் பேசி முடித்ததும் பழக்கமான மிருதங்க வித்வானுக்கே போன் போடுவோம். கடத்துக்கு அவரே ஒருவரை அழைத்து வந்துவிடுவார். அந்த வட்டத்துக்குள் ஒரு பெண் எப்படி நுழைவாள்?

நம் சேலத்தில் மட்டும்தான் இப்படி என்றில்லை. திருவையாற்றில் இசைமேதை தியாகராஜருக்குத் தன் பணத்தில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவருக்கே ஆராதனையில் பாட இடமில்லாமல், 1927இல் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். சென்னை மியூசிக் அகாடமி தரும் சங்கீத கலாநிதி விருது முதன்முதலில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1968இல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. பெண் வயலின் கலைஞருக்கு என்றால் 2016இல்தான், ஏ. கன்யாகுமரிக்கு. தாளவாத்தியப் பெண் கலைஞர் ஒருவருக்கும் இதுவரை இல்லை. திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் போன நூற்றாண்டிலேயே மிருதங்கத்தில் பெயர் எடுத்தவர். ஆகவே, ஆள் இல்லை என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

இந்த நவராத்திரிக்கு அம்மாபேட்டையைச் சேர்ந்த ஒரு மாணவியை மிருதங்கத்துக்கு அழைத்தோம். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ரவையைப் பிசைந்து தொப்பி என்னும் இடது பக்கத்தில் அப்பி, கல்லால் விளிம்பைத் தட்டித் தட்டி அவளே சுருதி சேர்த்தாள். ஏழு ஏழாக எண்ணும் மிசிர நடையில் அவள் வைத்த கோர்வை என்ற முத்தாய்ப்புக்கு, முன்வரிசைப் பெரியவர்கள் "சபாஷ் கண்ணு" என்று வாய்விட்டே சொன்னார்கள்.

அவளிடம் பேசியபோது ஒன்று புரிந்தது. பாடும் பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று உயர்ந்த சுருதி. அதற்குச் சிறிய மிருதங்கம் தனியாக வேண்டும். அப்பாவோ அண்ணனோ வைத்திருக்கும், தாழ்ந்த சுருதிக்கான ஒரு கட்டை வாத்தியத்தில் பழகும் பெண்ணிடம் அது இருக்காது. சங்கமே ஒன்று வாங்கிவிட்டது. கேட்கும் மாணவிகள் எடுத்துப்போய்ப் பழகலாம்.

வருத்தமான சம்பவமும் உண்டு. கடம் வாசிப்பது பெண் என்று தெரிந்ததும் மிருதங்க வித்வான் ஒருவர் கடைசி நேரத்தில் வர மறுத்தார். வேறு மிருதங்கம் ஏற்பாடு செய்தோமே தவிர, அந்தப் பெண்ணை மாற்றவில்லை. செயற்குழு உறுதியாக நின்றதில் எனக்குப் பெருமை.

அப்புறம், ஆத்தூர், ஓமலூர் பக்கம் திரும்ப வேண்டியவர்களுக்காகக் கச்சேரியை மாலை ஐந்து மணிக்கே தொடங்குகிறோம். பெண்களுக்கு உடை மாற்றத் தனி அறையும் ஒதுக்கியாயிற்று.

இனி ஒரு மாதம் விட்டு ஒரு மாதமாவது தாளவாத்தியத்தில் பெண் கலைஞர் இருக்க வேண்டும், சன்மானத்தில் ஒரு ரூபாயும் குறையக்கூடாது. இதைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். சித்திரைக் கச்சேரிக்கு நாளைக்கே ஆள் பேச வேண்டும்.

செயலாளர்